படகில் ஆபத்தைப் பார்த்தால் யாரைக் கூப்பிடுவது? மதுரைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

மதுரைக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்து சேர்கிறவர்கள் கொஞ்ச நாளிலேயே கேட்கிற கேள்வி, "பக்கத்துல போட்டிங் எங்க இருக்கு?" என்பது. பதில் சொல்ல ஆள் நிறையவே உண்டு. கொடைக்கானல், வைகை அணை, தேக்கடி, காரங்காடு என்று அடுக்கிவிடுவார்கள். அங்கே அளவுக்கு மீறி ஆளை ஏற்றினாலோ, குடித்துவிட்டுப் படகு ஓட்டினாலோ யாரிடம் சொல்வது என்று கேட்டுப் பாருங்கள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூடப் பதில் தெரியாமல் விழிப்பார்கள்.

அதற்குக் காரணம் இருக்கிறது. ரோட்டில் தாறுமாறாக வண்டி ஓட்டினால் டிராஃபிக் போலீஸ் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தண்ணீருக்கு அப்படி ஒரே ஒரு துறை கிடையாது. கோயில் தெப்பம் ஒருவருடையது, ஊர்க் கண்மாய் இன்னொருவருடையது, அணை வேறொருவருடையது. அதில் படகு விடுவது நாலாவது ஆளாக இருக்கும். ஆபத்து நேரத்தில் இவ்வளவையும் யோசித்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் ஊருக்குப் புதிதாக வந்தவுடனேயே தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

மொத்தத்தில் இரண்டு கேள்விகள்தான். இந்த நிமிடமே யாருடைய உயிருக்காவது ஆபத்தா? அப்படியில்லை என்றால், இந்தத் தண்ணீர் யாருடையது?

உயிருக்கு ஆபத்து என்றால் 112

படகு கவிழ்ந்துவிட்டது, கவிழப்போகிறது, ஆள் தண்ணீரில் விழுந்துவிட்டார், போதையில் இருப்பவர் ஜனங்களை ஏற்றிக்கொண்டு நடுத்தண்ணீருக்குப் போகிறார். இதில் எதைப் பார்த்தாலும் தண்ணீர் எந்தத் துறையைச் சேர்ந்தது என்று யோசிக்காதீர்கள். 112-ஐ அழையுங்கள். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் இந்த ஒரு எண் போதும். பழைய 100, 101, 108 ஆகிய எண்களும் வேலை செய்கின்றன.

தண்ணீரில் விழுந்தவரை மீட்பது தீயணைப்புத் துறையின் வேலை என்பது பலருக்குத் தெரிவதில்லை. அந்தத் துறையின் பெயரே தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. ரப்பர் படகும் கயிறும் நீச்சல் தெரிந்த ஆட்களும் அவர்களிடம்தான். அதனால் கூட வந்தவர்களில் ஒருவர் 112-இல் பேசும்போது இன்னொருவர் 101-க்குப் போடுங்கள். இரண்டு பேரும் ஒரே இடத்தையே சொல்கிறீர்களா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆற்றில் திடீரென்று தண்ணீர் கூடுகிறது, தரைப்பாலம் முங்குகிறது, அந்த நேரத்தில் யாரோ பரிசலிலோ டியூபிலோ இறங்குகிறார்கள் என்றால் 1077. அது மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை. ஆட்சியரின் கீழ் இருபத்துநாலு மணி நேரமும் இயங்குவது. வருவாய்த் துறை, நீர்வளத் துறை, போலீஸ் எல்லோருக்கும் ஒரே இடத்திலிருந்து தகவல் போகும். மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1070.

ராமேஸ்வரம், பாம்பன், தொண்டிப் பக்கம் கடலில் நடப்பதற்கு எண் வேறு. கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, கடலில் உயிர்மீட்புக்காகக் கடலோரக் காவல்படைக்கு 1554. சுற்றுலாப் போகும் வேனிலேயே இந்த இரண்டையும் போனில் ஏற்றிவைத்துவிடுங்கள். கரைக்குப் போன பிறகு சிக்னல் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது.

தமிழ்நாடு போலீஸின் "காவல் உதவி" செயலியும் போனில் இருக்கட்டும். அதிலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தினால் நீங்கள் நிற்கும் இடம் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விடும். ஊர்ப்பெயர் தெரியாத புது ஆளுக்கு இதைவிட உதவி வேறில்லை.

போனில் என்ன சொல்வது

அவசரத்தில் போன் எடுக்கிற பெரும்பாலானோர் முதலில் கத்துவது, "சீக்கிரம் வாங்க, ஆள் சாகப்போறாங்க" என்று. எங்கே வருவது? மதுரையைச் சுற்றி ஊருக்கு ஊர் பெரிய கண்மாய், சின்னக் கண்மாய், புதுக்கண்மாய் என்று ஒரே பெயரில் பல உண்டு. எடுப்பவர் சென்னையில் உட்கார்ந்துகூடப் பேசலாம். அவருக்கு உங்கள் ஊர் தெரியாது. அதனால் மாவட்டத்தில் தொடங்கிக் கீழே இறங்கி வாருங்கள். மாவட்டம், தாலுகா, ஊர், பிறகு கரையில் எந்த இடம்.

மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாயில், நிறைந்த தண்ணீர் கலுங்கு வழியாக வெளியே வழிந்து மறுகால் பாய்ந்துகொண்டிருந்த நேரம், பையன்கள் சிலர் மீன் பெட்டித் தெர்மாகோலைக் கயிற்றால் கட்டி மிதவையாக்கி ஏறிவிட்டார்கள். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "டேய், கலுங்குப் பக்கம் போகாதீங்கடா, இழுத்துட்டுப் போயிரும்" என்று தொண்டை கிழியக் கத்தினார். போனில் பேசியது பக்கத்து வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா. அவர் பேசிய பேச்சு எனக்கு இன்றைக்கும் பாடமாக இருக்கிறது:

"சார், மதுரை மாவட்டம், மேலூர் தாலுகா" என்று தொடங்கி ஊர்ப்பெயரைச் சொன்னார். பிறகு, "பெரிய கம்மா. கலுங்குக்கு மேக்க, அய்யனார் கோயில் கரை. நாலு பயலுக தெர்மாகோல் மேல ஏறி நடுத்தண்ணிக்குப் போயிட்டாங்க. தெர்மாகோல் ஒடையுது. ரெண்டு பேருக்கு நீச்சல் தெரியாதாம். கரையில பரிசல் இல்ல, கயிறு இருக்கு. மெயின் ரோட்டுல இருந்து கோயில் வரைக்கும் வண்டி வரும். நான் இங்கனயேதான் நிக்கிறேன், இந்த நம்பருக்கே கூப்பிடுங்க."

இடம், எத்தனை பேர், என்ன நடக்கிறது, கையில் என்ன இருக்கிறது, வண்டி எதுவரை வரும், திருப்பிக் கூப்பிட எண் எது. ஒன்றுகூட விடவில்லை. வண்டி வருவதற்குள் ஊர்க்காரர்கள் கயிற்றை வீசிப் பையன்களைக் கரைக்கு இழுத்துவிட்டார்கள். உடனே அந்த அக்கா மறுபடி போன் போட்டு, "எல்லாரும் கரை ஏறிட்டாங்க சார்" என்று தகவல் சொன்னார். இதையும் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அங்கே வந்துகொண்டிருக்கும் வண்டி வேறொரு உயிருக்குப் போக முடியாமல் போகும்.

புது ஊரில் இடம் சொல்லத் தெரியவில்லை என்றால் பக்கத்து மின்கம்பத்தில் எழுதியிருக்கும் எண், ரோட்டோர மைல்கல், பஸ் ஸ்டாப் பெயர், ரேஷன் கடை, கோயில் எதுவானாலும் சொல்லுங்கள். கண்மாய் என்றால் மடை, கலுங்கு, படித்துறை இந்த மூன்றில் எதன் பக்கத்தில் என்று சொன்னால் உள்ளூர்ப் போலீஸுக்கு உடனே புரிந்துவிடும். மலைப்பக்கம் எல்லையில் இருந்தால் மாநிலத்தின் பெயரையும் முதலிலேயே சொல்லுங்கள். குமுளியில் உங்கள் போன் எந்த மாநில டவரைப் பிடித்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது.

காத்திருக்கும் நேரத்தில் தண்ணீரில் குதிக்காதீர்கள். முங்குகிறவர் காப்பாற்ற வந்தவரையே பிடித்து அழுத்திவிடுவார். துப்பட்டா, வேட்டி, கயிறு, மூடி இறுக்கிய காலித் தண்ணீர்க் கேன், காலிக் குடம் எதையாவது வீசுங்கள். இருபது லிட்டர் கேன் ஒன்று ஓர் ஆளைத் தாங்கும். வெளியே எடுத்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது இரண்டும் வேண்டாம். மூச்சு இல்லை என்றால் 108-இல் இருப்பவர் போனிலேயே சொல்லிக்கொடுப்பதைச் செய்யுங்கள்.

தண்ணீர் யாருடையது

உடனடி ஆபத்து இல்லை, ஆனால் தினமும் அங்கே தப்பாக நடக்கிறது என்றால் இனிமேல் சொல்வதுதான் முக்கியம். ஜாக்கெட் இல்லாமல் ஏற்றுகிறார்கள், ஓட்டை ரிப்பேர் செய்யாத படகை விடுகிறார்கள், இருட்டிய பிறகும் ஓட்டுகிறார்கள். இதற்கெல்லாம் 112-இல் சொல்லி அன்றைக்கு நிறுத்தலாம். மறுநாளும் நடக்காமல் இருக்க வேண்டும் என்றால் அந்த நீர்நிலையின் பொறுப்பாளரைப் பிடிக்க வேண்டும்.

மதுரை நகருக்குள் முதலில் கண்ணில் படுவது வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். திருமலை நாயக்கர் 1645-இல் வெட்டியது. மீனாட்சியம்மன் கோயிலுக்குச் சொந்தமானது. தைப்பூசத் தெப்பத் திருவிழா நடப்பது இங்கேதான். பனையூர்க் கால்வாய் வழியாக வைகைத் தண்ணீர் வந்து நிறைந்திருக்கும் காலத்தில் மைய மண்டபத்தைச் சுற்றிப் படகு ஓடினால், அதைப் பற்றிப் புகார் போக வேண்டிய இடம் கோயில் நிர்வாகம். இந்து சமய அறநிலையத் துறையின் இணை ஆணையர்தான் கோயிலின் செயல் அலுவலரும். போலீஸுக்கு என்றால் பக்கத்திலேயே தெப்பக்குளம் காவல் நிலையம் இருக்கிறது. வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று எந்தக் கரையில் நிற்கிறீர்கள் என்பதைச் சொன்னால் போதும்.

கண்மாய்கள்தான் குழப்பம். ஒரு கணக்கை நினைவில் வையுங்கள். 100 ஏக்கருக்கு மேல் பாசனம் பெறும் கண்மாய் நீர்வளத் துறையுடையது. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்துடையது. நீர்வளத் துறையை இங்கே பாதிப்பேர் இன்னும் "பி.டபிள்யூ.டி." என்றுதான் சொல்வார்கள், பழைய பொதுப்பணித் துறையிலிருந்து பிரிந்ததால். அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தாலும் ஆள் கிடைத்துவிடும். உங்களுக்கு வேண்டியவர் அந்தப் பகுதியின் உதவிப் பொறியாளர். அவர் அலுவலகம் எங்கே என்று கிராம நிர்வாக அலுவலரைக் கேளுங்கள். வி.ஏ.ஓ.வுக்குக் கண்மாயின் சர்வே எண்ணிலிருந்து எல்லாம் தெரியும். ஒன்றியக் கண்மாய் என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர், அதாவது பி.டி.ஓ. நகருக்குள் இருக்கும் கண்மாயில் மாநகராட்சியும் சேர்ந்து வேலை செய்திருக்கலாம். அங்கே டிக்கெட் யார் பெயரில் அடித்திருக்கிறது என்று பாருங்கள்.

டிக்கெட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். படகில் ஏறினவுடனே அதைக் கசக்கிப் போடாதீர்கள். துறையின் பெயர், குத்தகைக்காரர் பெயர், வரிசை எண், தேதி எல்லாம் அதில் இருக்கும். யார் பொறுப்பு என்ற சண்டையில் அந்தத் துண்டுச் சீட்டுதான் உங்கள் கையிலிருக்கும் ஒரே சாட்சி. டிக்கெட்டே தராமல் பணம் வாங்கினால் அதுவே முதல் புகார்.

வைகை அணை மதுரைக்காரர்களின் சொந்த இடம் மாதிரி. ஆனால் அது இருப்பது தேனி மாவட்டம், ஆண்டிபட்டி தாலுகா. மதுரை அலுவலகத்தில் மனுக் கொடுத்தால் சுற்றி வரும். அணையும் பூங்காவும் நீர்வளத் துறையின் பொறுப்பு. தேக்கத்தில் மீன்பிடிப்பது மீன்வளத் துறையின் கீழ். ஆபத்துக்கு வைகை அணை காவல் நிலையம். இங்கே ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். பரிசலில் வலை போடுகிறவர்கள் தண்ணீரைப் படித்தவர்கள். அவர்களைப் பார்த்துப் பயந்து போன் போடாதீர்கள். ஆபத்து வருவது சுற்றுலா வந்தவர்கள், "அண்ணே, ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்கண்ணே, பணம் தர்றோம்" என்று கெஞ்சும்போது. ஒருவருக்கும் வலைக்கும் கட்டிய பரிசலில் ஐந்து பேர் ஏறி, செல்ஃபிக்காக எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்தால் என்ன ஆகும்? அதைப் பார்த்தால் முதலில் அந்தக் கூட்டத்திடமே பேசுங்கள். கேட்காவிட்டால் அணை ஊழியரிடம் சொல்லுங்கள்.

அணையில் மதகு திறக்கும் காலத்தில் கீழே ஆற்றில் எந்த மிதவையும் ஆபத்துதான். அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது என்று தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டங்களுக்கும் அறிவிப்பார்கள். இந்த எண்களைச் செய்தியில் கேட்டால் அந்த வாரம் ஆற்றுப் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள். மதுரைக்குள் யானைக்கல் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஏறும்போது டியூப் கட்டி இறங்குகிற இளவட்டங்களைப் பார்த்தால் யோசிக்காமல் 112.

கொடைக்கானல் ஏரி திண்டுக்கல் மாவட்டம். 1863-இல் உருவாக்கியது. ஏரி நகராட்சியுடையது, ஆனால் படகு விடுவது நகராட்சி மட்டுமல்ல. சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத் துறையும் இருக்கிறது. எந்தத் துறையில் டிக்கெட் எடுத்தீர்களோ அதன் மேலாளரிடம் முதலில் சொல்லி, பிறகு நகராட்சி ஆணையருக்கு எழுதுங்கள். மன்னவனூர் ஏரிப் பரிசல் என்றால் வனத்துறை. ராமநாதபுரம் மாவட்டம் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுவதும் வனத்துறைதான்.

தேக்கடியில் பலர் ஏமாறுவார்கள். முல்லைப் பெரியாறு அணையை நம்முடைய நீர்வளத் துறை பராமரிப்பதால் அங்கே நடக்கிற படகுக்கும் தமிழ்நாட்டில் புகார் கொடுக்கலாம் என்று நினைக்கிறார்கள். ஏரியில் சுற்றுலாப் படகு ஓட்டுவது கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகமும் கேரள வனத்துறையும். புகார் குமுளி போலீஸுக்கும் இடுக்கி ஆட்சியருக்கும் போக வேண்டும்.

ஏறுவதற்கு முன் இரண்டு நிமிடம்

2009 செப்டம்பர் 30 அன்று அதே தேக்கடியில் "ஜலகன்யகா" என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். நம் மாநிலத்திலேயே 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர். 2023 மே 7-இல் மலப்புறம் மாவட்டம் தானூரில் 22 பேர். 2024 ஜனவரி 18-இல் வதோதரா ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலா வந்த 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும். எல்லாமே பொழுதுபோக்குக்கு ஏறிய படகுகள். அளவுக்கு மீறிய ஆள், ஜாக்கெட் இல்லாமை, ஒரு பக்கம் சாய்ந்த கூட்டம், இருட்டிய நேரம் என்று காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. இவை எல்லாம் கரையில் நிற்கும்போதே கண்ணுக்குத் தெரிகிறவை.

முதலில் படகின் பக்கவாட்டைப் பாருங்கள். எத்தனை பேர் ஏறலாம் என்று பெயின்டில் எழுதியிருக்க வேண்டும். எஞ்சின் படகு என்றால் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம், 2021 என்று ஒன்று இருக்கிறது. எஞ்சின் வைத்த எந்தப் படகும் ஆறு ஏரிகளில் ஓட வேண்டுமானால் பதிவு, ஆய்வுச் சான்று, காப்பீடு வேண்டும் என்று அது சொல்கிறது. துடுப்புப் படகும் பரிசலும் உள்ளாட்சி அமைப்புகளின் கண்காணிப்பில் வரும்.

அடுத்தது லைஃப் ஜாக்கெட். கொடுப்பதை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு போட்டோவுக்கு நிற்பதோடு பலருக்கு வேலை முடிந்துவிடுகிறது. கையில் வாங்கியதும் முன்பக்கக் கொக்கியை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். "டக்" என்று விழ வேண்டும். பல் உடைந்த கொக்கியைக் கயிற்றால் முடிச்சுப் போட்டுக் கொடுப்பார்கள், வாங்காதீர்கள். பட்டையை இழுத்து இறுக்குங்கள். பிறகு கூட வந்தவரைப் பின்னால் நிறுத்தி, இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காது வரைக்கும் ஏறினால் அது உங்கள் அளவு இல்லை. தண்ணீரில் விழுந்தால் உடம்பு கீழே போகும், ஜாக்கெட் மட்டும் மிதக்கும். உள்ளே இருக்கும் ஃபோம் தண்ணீரில் ஊறிக் கனத்திருந்தாலும், வெயிலில் நொறுங்கியிருந்தாலும் வேண்டாம். குழந்தைக்குப் பெரியவர் ஜாக்கெட்டை மாட்டவே கூடாது. கால் இடுக்கு வழியாகப் போகும் பட்டை உள்ள சின்ன ஜாக்கெட் வேண்டும். அது இல்லை என்றால் குழந்தையோடு ஏறாதீர்கள். பிள்ளை அழுதாலும் பரவாயில்லை.

படகில் வட்ட மிதவையும் கயிறும் இருக்கிறதா, ஓட்டுகிறவர் வாயில் சாராய வாடை வருகிறதா, மழை மேகம் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். குறை கண்டால் கரையிலேயே மரியாதையாகச் சொல்லுங்கள். "அண்ணே, ரெண்டு ஜாக்கெட் குறையுது. குடுத்தீங்கன்னா ஏறிக்கிறோம்" என்றால் பெரும்பாலும் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். நாள் முழுக்க வெயிலில் துடுப்புப் போடுகிறவர் அவர். கூட்டத்தை ஏற்றச் சொல்லி நெருக்குவது பெரும்பாலும் குத்தகைக்காரர்தான். நடுத்தண்ணீரில் அவரோடு வாக்குவாதம் வேண்டாம். உட்கார்ந்த இடத்தில் அசையாமல் இருந்து, கரை சேர்ந்ததும் பேசுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம்

பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இதற்கென்றே பிரிவுகள் இருக்கின்றன. உயிருக்கு ஆபத்து வரும்படி அலட்சியமாகப் படகு ஓட்டினால் 282-ஆவது பிரிவு. ஆறு மாதம் வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். வாடகைக்கு ஆள் ஏற்றும் படகு பழுதாகவோ அளவுக்கு மீறிய ஆளோடோ இருந்தால் 284-ஆவது பிரிவு. ஆறு மாதம் வரை சிறை அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். யாரும் முங்கிச் சாக வேண்டியதில்லை, காயம்கூடப் படவேண்டியதில்லை. அப்படி ஓட்டியதே குற்றம்.

"இது எங்க லிமிட் இல்ல" என்று காவல் நிலையத்தில் சொன்னால் விட்டுவிடாதீர்கள். நடந்த இடம் எதுவானாலும் எந்தக் காவல் நிலையமும் தகவலை வாங்கிப் பதிவுசெய்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 173-ஆவது பிரிவு சொல்கிறது. கோபப்படாமல், "ஏட்டய்யா, பதிஞ்சு அனுப்பிவைங்க, சட்டத்துலயே இருக்கு" என்று சொன்னால் போதும்.

எழுதிக் கொடுங்கள்

வாய்ப்பேச்சு அன்றைக்கோடு போய்விடும். எழுதிக் கொடுத்தால் யாராவது பதில் சொல்லியாக வேண்டும். ஒரு பக்கம் போதும். இப்படி:

"பொருள்: (நீர்நிலையின் பெயர்) அளவுக்கு மீறி ஆள் ஏற்றிப் படகு இயக்குவது தொடர்பாக. ஐயா, கடந்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணியளவில் மேற்படி இடத்தில் (எண்) கொண்ட படகில், எட்டுப் பேர் மட்டும் என்று எழுதப்பட்டிருந்தும் பதினான்கு பேர் ஏற்றப்பட்டனர். அவர்களில் நான்கு பேர் குழந்தைகள். குழந்தைகளுக்கு லைஃப் ஜாக்கெட் வழங்கப்படவில்லை. டிக்கெட் நகலும் புகைப்படமும் இணைத்துள்ளேன். ஆய்வு செய்து நடவடிக்கை எடுத்து எனக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன்."

பார்த்ததை மட்டும் எழுதுங்கள். "எப்பவுமே இப்படித்தான்", "பணம் வாங்கிட்டு விடுறாங்க" என்பதெல்லாம் வேண்டாம். உங்களால் காட்ட முடியாத ஒரு வரி இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிடுவார்கள். போட்டோவில் படகின் எண்ணும் ஆட்களின் எண்ணிக்கையும் தெரிய வேண்டும். குழந்தைகளின் முகம் தெரியும் படங்களை வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றவிடாதீர்கள், மனுவோடு மட்டும் வையுங்கள்.

கொடுக்க வேண்டிய இடம், மேலே சொன்ன பொறுப்புத் துறை. நகல் ஆட்சியருக்கு. பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இன்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் அவர்தான், அதனால் எந்தத் துறை படகு விட்டாலும் அவருக்குக் கேட்கும் அதிகாரம் உண்டு. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் நேரில் போனால் மனு எண்ணோடு ஒப்புகைச் சீட்டு தருவார்கள். அதைப் பத்திரமாக வையுங்கள். நேரில் போக முடியாதவர்கள் 1100-இல் முதல்வரின் முகவரித் துறைக்குச் சொல்லலாம். அங்கேயும் எண் கொடுப்பார்கள்.

ஊர்க் கண்மாய் விஷயம் என்றால் கிராம சபையையும் பயன்படுத்துங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள் கூடுகிறது. மழைக்காலம் தொடங்கும் முன் வரும் அக்டோபர் 2 கூட்டத்தில், கலுங்குப் பக்கம் எச்சரிக்கைப் பலகையும் கரையில் ஒரு கயிறும் மிதவையும் வைக்க வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். புதிதாகக் குடிவந்தவர்களும் அங்கே வாக்காளர் பட்டியலில் சேர்ந்துவிட்டால் பேசலாம்.

பதிலே வராவிட்டால்

எனக்குத் தெரிந்த ஒரு நண்பர் ஓர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தார். இது எங்கள் வேலை இல்லை என்று வேறு அலுவலகத்தைக் காட்டினார்கள், அங்கே போனால் திரும்ப இங்கேயே அனுப்பினார்கள். அந்த ஓட்டத்தை நிறுத்தியது பத்து ரூபாய் ஸ்டாம்ப். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், பத்து ரூபாய்க் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால் 30 நாளில் பதில் தர வேண்டும். அவர் கேட்டது சின்னச் சின்னக் கேள்விகள். இந்த நீர்நிலையில் படகு விட அனுமதி கொடுத்தது எந்த அலுவலகம்? குத்தகை நிபந்தனைகளின் நகல் வேண்டும். எத்தனை படகு, எத்தனை லைஃப் ஜாக்கெட், அதில் குழந்தைகளுக்கானது எத்தனை? கடைசியாக ஆய்வு செய்த தேதி எது? பயணிகளுக்குக் காப்பீடு இருக்கிறதா?

இந்தக் கேள்விகள் போனாலே பாதி இடங்களில் புது ஜாக்கெட் வந்துவிடும். தகவல் தேடப்போய்த்தான் தங்களிடம் கணக்கே இல்லை என்று அவர்களுக்கும் தெரியும். பதில் திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் அதே துறையில் மேல்முறையீடு செய்யலாம்.

படகுத் துறையே ஆபத்தாக இருந்து, யாரும் அசையவில்லை என்றால் கோட்டாட்சியரிடம், அதாவது ஆர்.டி.ஓ.விடம் மனுக் கொடுங்கள். பொதுமக்களுக்கு ஆபத்தான இடையூறை அகற்றச் சொல்லி உத்தரவு போடும் அதிகாரம் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவில் இருக்கிறது. மனுவில் அந்தப் பிரிவு எண்ணைக் குறிப்பிடுங்கள்.

பள்ளிச் சுற்றுலா வந்தால்

டிசம்பர், ஜனவரியில் பிள்ளைகள் ஒரு சம்மதப் படிவத்தைக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்பார்கள். போகும் இடத்தில் படகு இருக்கிறதா என்று அதில் பெரும்பாலும் எழுதியிருக்காது. வகுப்பாசிரியரிடம் போனில் கேளுங்கள். "டீச்சர், போட்டிங் உண்டா? எந்தப் போட் ஹவுஸ்? எங்க பிள்ளை அளவுக்கு ஜாக்கெட் இருக்கான்னு முன்கூட்டியே பேசிட்டீங்களா? ஒரு படகுக்கு எத்தனை பிள்ளைங்க, கூட எந்த டீச்சர் ஏறுவாங்க?" என்று நிதானமாகக் கேட்டால் அவர்களும் யோசிப்பார்கள். பதில் தெரியவில்லை என்றால் படிவத்தின் கீழே உங்கள் கையாலேயே, "படகுப் பயணத்துக்குச் சம்மதம் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அதை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, வகுப்பின் மற்ற பெற்றோரிடமும் சொல்லுங்கள்.